அச்சில் வார்த்த அசுரர்கள்

விளையாட்டுப் பொருள்களின் வரலாறு: பகுதி 14

யானைக்குச் சட்டை மாட்டிப் படம் எடுத்த கம்பெனி சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த அந்தப் படம் 1952-ல் வெளிவந்தது. தமிழில் ‘காடு’, ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. இயக்கம் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்று ஹாலிவுட் முகங்கள், நம் பக்கத்திலிருந்து எம்.என். நம்பியார். காட்டு யானைகள் மிரண்டு ஓடி ஊர்களை மிதித்து நாசம் செய்கின்றன. எதைக் கண்டு மிரள்கின்றன என்று தேடிப் போகிறவர்கள், பனியுகத்தோடு அழிந்ததாக நம்பப்பட்ட மாமூத் என்னும் சடை யானைகள் உள்காட்டில் உயிரோடு திரிவதைப் பார்க்கிறார்கள். மாமூத்துக்கு எங்கே போவது? இருக்கிற யானைகள் மேலேயே முடியைப் போர்த்தி, தந்தத்தை நீட்டி, கேமரா முன்னால் நிறுத்திவிட்டார்கள். யானைகள் என்ன நினைத்தனவோ.

காட்ஸில்லா பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நடந்தது இது. நம்முடைய அசுர விலங்குக்குள் யானை இருந்தது, ஜப்பானுடையதற்குள் மனிதன் இருந்தான். ஆனால் ஜப்பானின் ரப்பர்ச் சட்டைக்குள்ளிருந்து பின்னாளில் அட்டைப் பெட்டிகள் வந்தன. பெட்டிக்குள் பிளாஸ்டிக் கை, கால், வால், பசைக் குழாய், செய்முறைத் தாள். ஒரு தலைமுறைச் சிறுவர்கள் கையில் பசை காய அந்த அசுரர்களை ஒட்டி நிறுத்தினார்கள். சேலத்துச் சடை யானையிலிருந்து எதுவும் வரவில்லை. அது திரையோடு போயிற்று.

இந்த வித்தியாசத்துக்கு அசுரர்களிடம் காரணம் தேடிப் பயனில்லை. ஜப்பானிய அசுரக் கிட்களின் வரலாறு என்று நாம் சொல்வது, தோண்டிப் பார்த்தால், எஃகு அச்சுகளின் வரலாறுதான். டையை யார் வெட்டினார்கள், யாருக்கு விற்றார்கள், கடன்காரன் எதைத் தூக்கிப் போனான் என்பதில்தான் கதை இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

முதலில் அசுரன் பிறந்த கதை. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதித்தது. ‘லக்கி டிராகன் 5’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3-ல் டோஹோ கம்பெனியின் ‘காட்ஸில்லா’ திரைக்கு வந்தது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா, தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. மூங்கிலும் கம்பியும் வைத்துக் கட்டி, துணியும் ரப்பரும் பூசிய ஏறத்தாழ 100 கிலோ சட்டைக்குள் நின்று வியர்த்தவர் ஹருவோ நகாஜிமா. அதே ஆண்டு ஜூலையிலிருந்து கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ‘மலைக்கள்ளன்’ இங்கே ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் எம்.ஜி.ஆரைப் பார்த்து விசில் அடித்த அந்த மாதங்களில், டோக்கியோவில் அரங்கை விட்டு வந்தவர்கள் போர்க்காலக் குண்டுவீச்சை நினைத்துக்கொண்டு வந்தார்கள். முதல் ‘காட்ஸில்லா’ பெரியவர்களுக்கான துக்கப் படம். சிறுவர்களுக்குப் பொம்மை விற்கும் எண்ணம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படித்தான் பத்து ஆண்டு போயிற்று. பத்தாண்டு என்பது வியாபாரத்தில் சின்ன இடைவெளி அல்ல. இன்றைக்குப் படம் வெளியாகும் முன்பே பொம்மை கடைக்கு வந்துவிடுகிறது. அன்று தாமதித்ததற்கு நேரடியான காரணம் ஒன்று உண்டு. 1954-ல் ஜப்பானில் பிளாஸ்டிக் கிட் தொழிலே இல்லை.

சென்ற பகுதியில் மருசான் கம்பெனியின் தகரக் காடிலாக்கைப் பார்த்தோம். அதே மருசான்தான் 1958 டிசம்பரில் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலைப் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டது. அமெரிக்க ரெவெல் கம்பெனியின் கிட்டைப் பார்த்துச் செய்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஜப்பானின் முதல் பிளாஸ்டிக் கிட் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். பசை போட்டு ஒட்டும் பொம்மை என்றால் என்னவென்றே தெரியாத பெற்றோர்களுக்கு அதை விளக்க, மருசான் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குப் பணம் கொடுத்து நடத்தியது. ‘பிளாமோடல்’ என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிந்தும் வைத்தது. மர மாதிரிகளுக்குப் பேர் பெற்ற ஷிசுவோக்கா நகரத்துக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்குக்கு மாறின. தாமியா 1960-ல் மாறியது. ஒரே தொழிலில் ஊரே இறங்குவது, பக்கத்துப் பட்டறை டை வெட்ட எதிர்ப் பட்டறை பெட்டி அச்சடிப்பது, நம்மூர் பம்ப்செட் தொழிலைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான காட்சி.

அசுரனைக் கிட் ஆக்கலாம் என்று முதலில் பணம் பண்ணிக் காட்டியவர்கள் ஜப்பானியர் அல்லர். நியூயார்க் பக்கத்து அரோரா பிளாஸ்டிக்ஸ் 1961-ல் பிராங்கன்ஸ்டைன் பூதத்தை 98 சென்ட் விலையில் விட்டது. 1957-லிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சிகள் யுனிவர்சல் கம்பெனியின் பழைய பேய்ப் படங்களை ராத்திரி நேரத்தில் மறுபடி காட்டத் தொடங்கியிருந்தன. தாத்தா காலத்துப் பூதங்கள் பேரப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தெரிந்தன. ஜேம்ஸ் பாமா வரைந்த பெட்டிப் படம் வேறு, பெட்டியைத் திறக்காமலே பயமுறுத்தியது. தேவைக்கு ஒரே அச்சு ஈடு கொடுக்காமல் இரண்டாவது அச்சு வெட்ட வேண்டிவந்தது. டிராகுலா, ஓநாய் மனிதன், மம்மி என்று வரிசை நீண்டது. 1964-ல் அரோரா காட்ஸில்லாவையும் போட்டது. இடிந்த கட்டடங்களின் மேல் நின்று உறுமும் காட்ஸில்லா.

அதே 1964-ல் மருசானும் காட்ஸில்லா கிட் கொண்டுவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நாட்டின் குணம் தெரிகிறது. அமெரிக்க காட்ஸில்லா அலமாரியில் நிற்பதற்கு, பெயிண்ட் அடித்து நண்பர்களுக்குக் காட்டுவதற்கு. ஜப்பானிய காட்ஸில்லா நடப்பதற்கு. வயிற்றுக்குள் மோட்டார், பல்சக்கரம், பாட்டரி. உருவ ஒற்றுமை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, தரையில் விட்டால் காலை எடுத்து வைக்க வேண்டும். மோட்டாருக்கு இடம் வேண்டுமே, அதனால் தொப்பை. பாதம் அகலம், இல்லாவிட்டால் குப்புற விழும். திரையில் பார்த்த கொடூரம் பெட்டியில் பாதி சிரிப்பாகியிருக்கும். சேகரிப்பாளர்கள் இன்றைக்கு அந்தச் சிரிப்புக்காகத்தான் விலை கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அக்கால ஜப்பானிய கிட்களுக்கு உயிர் கொடுத்தது பெரும்பாலும் மாபுச்சி மோட்டார். பல பெட்டிகளுக்கு மோட்டாரையும் பாட்டரியையும் தனியாகத்தான் வாங்க வேண்டும். சிறு நேர்மின் மோட்டார்களை மட்டுமே நம்பிய அந்தக் கம்பெனி உருவானதும் காட்ஸில்லா பிறந்த 1954-ல்தான். நம்மூரில் மோட்டார் அதற்கு முன்பே வந்துவிட்டது. பைக்காரா மின்சாரம் முப்பதுகளின் தொடக்கத்தில் கோவைச் சமவெளிக்கு இறங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று பெயர் பெற்றது. மழை குறைந்த சீமை, கிணறு ஆழம், பருத்திக்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் மோட்டார் கிணற்றில் இறங்கியது. அவர்களுடையது காட்ஸில்லாவின் வயிற்றில் ஏறியது. ஜி.டி. நாயுடுவுக்கு விளையாட்டுப் பொருள் செய்யும் மனசு இருந்தது என்பதை அவருடைய மின் சவரக் கத்தியைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள், ஆனால் அது வேறு கதை.

டை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. கணபதியிலோ பீளமேட்டிலோ டூல் ரூமில் நின்று பழகியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பாலிஸ்டைரீன் குருணையை 200 டிகிரி வாக்கில் சூடாக்கி உருக்கி, மூடிய எஃகு அச்சுக்குள் பேரழுத்தத்தில் செலுத்துவார்கள். சில நொடியில் உறைந்துவிடும். அச்சின் இரண்டு பாதியும் நேர்க்கோட்டில் பிரிந்து வரவேண்டும். எனவே எந்தப் பக்கமும் கொக்கி போல உள்ளே வளையக் கூடாது, அதைத்தான் அண்டர்கட் என்று தவிர்ப்பார்கள். சுவர்கள் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், அதுதான் டிராஃப்ட். போர் விமானத்துக்கு இது தொந்தரவே இல்லை, விமானமே வழவழப்பானது. அசுரனுக்கு? செதில் செதிலான தோல், முள் முள்ளான முதுகு, மடிப்பு விழுந்த கழுத்து, எல்லாமே அண்டர்கட். வேறு வழியில்லாமல் உடலை இடது வலது என்று இரண்டாகப் பிளந்து, மடிப்புகளை ஆழம் குறைத்து, முதுகுத் தட்டைத் தனியாக வார்த்தார்கள். ஒட்டியபின் மார்பு நடுவே தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும். புட்டி போட்டுத் தேய்த்தால் மறையும். பத்து வயதுப் பையன் எங்கே தேய்த்தான்?

இந்த டை வெட்டுவது அன்றைக்குக் கைவேலை. செதுக்குபவர் மெழுகிலோ மரத்திலோ பெரிதாக உருவம் செய்வார். அதைப் பார்த்து நகல் எடுக்கும் அரவை எந்திரம் எஃகில் குடையும். மிச்சத்தை உளியும் அரமும் கொண்டு கை முடிக்கும். மாதக்கணக்கில் இழுக்கும், பெரும் முதல் விழுங்கும். ஒரு முறை வெட்டிவிட்டால் லட்சக்கணக்கில் வார்க்கலாம். அதாவது, அசுரனுக்குக் குறைந்தது இத்தனை ஆயிரம் ரசிகர்கள் நிச்சயம் என்று தெரிந்தால்தான் டையில் கை வைக்க முடியும்.

அந்த நிச்சயத்தை 1966 கொடுத்தது. ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு டி.பி.எஸ். தொலைக்காட்சியில் சுபுராயாவின் சொந்தக் கம்பெனி தயாரித்த ‘அல்ட்ரா க்யூ’ தொடங்கியது. ஜூலை 17-ல் ‘அல்ட்ராமேன்’, இது வண்ணத்தில். ‘அல்ட்ராமேன்’ சராசரியாக 36.8 சதவீத வீடுகளில் ஓடியது என்பது அன்றைய கணக்கு. சினிமா ஆண்டுக்கு ஒன்றிரண்டு அசுரர்களைத்தான் தரும். தொலைக்காட்சி வாரம் ஒன்று தந்தது. ‘அல்ட்ராமேன்’ மட்டும் 39 வாரம். தைஎய் கம்பெனி தன் பங்குக்கு 1965-ல் கமேரா என்ற பறக்கும் ஆமையை இறக்கிவிட்டிருந்தது. நிட்டோ என்ற கிட் கம்பெனி அதைக் கிட் ஆக்கியது. பள்ளிக்கூட மைதானத்தில் அசுரப் பெயர்களை ஒப்பிப்பது ஒரு படிப்பாயிற்று. எடை, உயரம், எங்கே பிறந்தது, எதைக் கக்கும் என்றெல்லாம் மனப்பாடம்.

வாரம் ஒரு அசுரன் என்றால் சட்டைக்கு எங்கே போவார்கள்? இங்கேதான் சுபுராயாவின் கெட்டிக்காரத்தனம். 1965-ல் வந்த ஒரு படத்துக்காகச் செய்த பாராகன் என்ற அசுரனின் சட்டையை வாங்கி, தலையை மாற்றி ‘அல்ட்ரா க்யூ’வில் பாகோஸ் ஆக்கினார்கள். மறுபடி மாற்றி ‘அல்ட்ராமேன்’ தொடரில் நெரோங்கா, பிறகு மகுலார், பிறகு கபோரா. காட்ஸில்லா சட்டைக்கே கழுத்தில் ஒரு விசிறி மாட்டி ஜிராஸ் என்று பெயரிட்டு சண்டைக்கு விட்டார்கள். மருதமலையிலும் பழனியிலும் சூரசம்ஹாரம் பார்த்த கண்ணுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரே உடல், யானை முகம் போனால் சிங்க முகம், அது விழுந்தால் சூரனின் சொந்த முகம். தலையை மாற்றினால் அசுரன் மாறிவிடுவான் என்பதை ஒத்துக்கொள்ளக் கூட்டம் எப்போதும் தயார்தான்.

சட்டைக்குத் தலை மாற்றலாம். எஃகு டைக்கு முடியாது. வாரம் ஒன்றாக வரும் அசுரர்களுக்கு மாதக்கணக்கில் டை வெட்டிக்கொண்டிருந்தால் பையன்கள் அடுத்த அசுரனுக்குப் போய்விடுவார்கள். மருசான் இதற்கு வேறு வழி பிடித்தது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மின்பூச்சு முறையில் செம்பு ஏற்றி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டால் கையில் ஒரு செம்புக் கூடு. அதில் திரவ வினைல் ஊற்றி, சூட்டில் ஓரத்தில் மட்டும் உறையவிட்டு, மீதியைக் கவிழ்த்துவிட வேண்டும். சூடு ஆறும் முன் குறடால் பிடித்து இழுத்தால், மெத்தென்ற வினைல் தோல் அண்டர்கட்டையெல்லாம் தாண்டிச் சுருங்கி வெளியே வந்துவிடும். எஃகுக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும். 1966-லிருந்து இந்த மென் வினைல் பொம்மைகள் கிட்டுக்குப் பக்கத்திலேயே குவிந்தன. பசை வேண்டாம், பொறுமை வேண்டாம், மூன்று வயதுக் குழந்தையும் விளையாடலாம். கிட் என்ற பண்டத்துக்கு முதல் எதிரி அதைச் செய்த கம்பெனியின் அடுத்த அறையிலேயே பிறந்தது.

1968 செப்டம்பரில் ‘அல்ட்ராசெவன்’ தொடர் முடிந்தது. அதோடு அசுர மோகமும் வடிந்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் மருசான் திவால். குவிந்து கிடந்த சரக்கு, விற்காத பெட்டி, டைகளுக்கு வாங்கிய கடன். 1969-ல் மருசானின் பழைய ஊழியர்கள் சேர்ந்து புல்மார்க் என்ற கம்பெனியைத் தொடங்கி, பழைய அச்சுகளில் பலவற்றைக் கைப்பற்றினார்கள். பெட்டியில் பெயர் மாறியது, உள்ளே அதே தொப்பைக் காட்ஸில்லா. கம்பெனி சாகலாம், டை சாகாது என்பதைப் பழைய இரும்பு வியாபாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1971-ல் ‘அல்ட்ராமேன் திரும்பினான்’ தொடர் வந்து இரண்டாவது மோகத்தைக் கிளப்பியது. புல்மார்க் கொஞ்ச நாள் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் பிள்ளைகளின் கை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. பாண்டாயின் துணைக் கம்பெனியான பாப்பி, ‘காமென் ரைடர்’ கதாநாயகனின் இடுப்புப் பட்டையை அப்படியே கட்டிக்கொள்ளும்படி விற்றது. பிறகு கனமான உலோக ரோபோக்கள். அசுரனை ஒட்டிக்கொண்டிருப்பதைவிட நாயகனாக மாறிவிடுவது சுகம். 1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலையும் ஏறியது. 1977-ல் புல்மார்க் விழுந்தது.

அதே 1977-ல் அமெரிக்காவில் அரோராவும் மூடியது. 1971-ல் அதை நபிஸ்கோ என்ற பிஸ்கட் கம்பெனி வாங்கியிருந்தது. அந்த ஆண்டே அரோராவின் சித்திரவதைக் கூடப் பொம்மைகளுக்கு எதிராகப் பெற்றோர்கள் கொடி பிடித்தார்கள். பிஸ்கட் விற்பவர்களுக்கு அது தாங்குமா? அரோரா அச்சுகள் மோனோகிராம் கம்பெனிக்குப் போயின. போகும் வழியில் ரயில் தடம்புரண்டு சில அச்சுகள் நசுங்கிப்போயின என்று கிட் சேகரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். பிழைத்த காட்ஸில்லா அச்சிலிருந்து மோனோகிராம் மறுபடி வார்த்தது.

அச்சுகள் பிழைத்தாலும் பெட்டிகள் பிழைக்கவில்லை. ஒட்டப்படாத மருசான் பெட்டி ஏன் இவ்வளவு அரிது என்று கேட்பவர்கள், அது யார் கையில் போனது என்பதை மறந்துவிடுகிறார்கள். வாங்கிய அன்றே பெட்டி கிழிந்தது. ஒரு மாதத்தில் பையன் மோட்டாரைக் கழற்றி வேறு எதற்கோ மாட்டியிருப்பான். பட்டாசு வைத்து வெடித்தவர்களும் உண்டு. அசுரன் சாக வேண்டும் என்பதுதானே கதை.

சரி, கொங்கு நாட்டுக்கு வருவோம். கை இருந்தது. 1962-ல் சுவிஸ் ரீட்டர் கூட்டுறவோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி நூற்பு எந்திரம் செய்யுமளவுக்குத் துல்லியம் இருந்தது. பவுண்டரி, பேட்டர்ன் மரவேலை, மோட்டார் ரோட்டருக்கு அலுமினியம் டை காஸ்டிங், எல்லாம் இருந்தது. கதைக்கும் பஞ்சமில்லை. கோவை ராமநாதபுரத்துச் சின்னப்பா தேவர் பாம்பையும் யானையையும் வைத்து ஊரைக் கட்டிப்போட்டவர், அவருடைய ‘ஹாத்தி மேரே சாத்தி’ 1971-ல் வட நாட்டையே கலக்கியது. அந்த யானையை ஒரு பெட்டிக்குள் போட்டு விற்க யாருக்கும் தோன்றவில்லையே என்றால், தோன்றியிருந்தாலும் சட்டம் இடம் கொடுத்திருக்காது.

1957 வாக்கில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபின், விளையாட்டுப் பொருள் போன்றவற்றின் இறக்குமதி இறுகியது. மருசான் பெட்டியோ அரோரா பெட்டியோ கடல்கடந்து வந்த உறவினரின் பெட்டியில்தான் வர முடியும். உள்ளூரில் செய்யலாம் என்றால், பொம்மைகள் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்ந்தன. எந்திரத்தில் போடும் முதலுக்கு உச்சவரம்பு. எஃகு டை பெரும் முதல் விழுங்கும் என்பதையும், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும் என்பதையும் மேலே பார்த்தோம். இந்த இரண்டையும் வைத்துக் கூட்டிப் பார்த்தால், நாற்பது துண்டாக வரும் கிட் இங்கே பிறக்க வாய்ப்பே இல்லை. பிறந்தது என்னவென்றால், கோனியம்மன் தேர்த் திருவிழாக் கடையில் தொங்கும் ஊதி வார்த்த பொம்மை. இரண்டு பாதி அச்சு, உள்ளே காற்று, விலை மலிவு. அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கொடுத்த வேலிக்குள் என்ன விளையுமோ அதை விளைவித்தார்கள். கோவை டூல் ரூம்கள் பம்ப்புக்கும் மோட்டாருக்கும் கார் உதிரிப்பாகத்துக்கும் டை வெட்டின. அதில் அன்றைக்கே பணம் வந்தது.

அசுரன் மட்டும் ஒரு முறை எட்டிப் பார்த்தான். 1984-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையங்கள் நாடெங்கும் மளமளவென்று எழுந்தன. எண்பதுகளின் நடுவில் ‘ஜயன்ட் ரோபோ’ வந்தது. டோயெய் கம்பெனி 1967-ல் எடுத்த தொடர், ஆங்கில வசனத்தோடு. கைக்கடிகாரத்துக்குள் பேசினால் மாபெரும் ரோபோ பறந்து வந்து அசுரனை அடிக்கும். இருபது ஆண்டு பழைய சரக்கு என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஆண்டெனாவைத் திருகி, புள்ளி விழுந்த திரையில் பார்த்துவிட்டு, வெறும் மணிக்கட்டில் பேசிக்கொண்டு தெருவெங்கும் ஓடினார்கள். மோகம் வந்துவிட்டது, கடையில் வாங்க ஒன்றும் இல்லை. ஜப்பானில் 1954-க்குப் பிறகு பத்து ஆண்டு நிலவிய அதே நிலைமை. அங்கே அடுத்து டை வந்தது. இங்கே தொடர் முடிந்ததும் அதுவும் முடிந்தது.

அந்த எண்பதுகளில் ஜப்பானில் வளர்ந்த பையன்கள் ஒரு கலகம் செய்துகொண்டிருந்தார்கள். மருசான் கிட்டை ஒட்டி வளர்ந்தவர்கள், இப்போது இருபது முப்பது வயது. தொப்பையும் அகலப் பாதமும் போதாது, திரையில் பார்த்த அசுரன் அச்சு அசலாக வேண்டும். பெரிய கம்பெனி செய்யாது, சில நூறு பேருக்காக யார் எஃகு குடைவார்கள்? களிமண்ணில் தாங்களே செதுக்கி, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் உறையும் பிசினில் வார்த்தார்கள். சிலிக்கோன் வளையும், எனவே அண்டர்கட் தொல்லை போயிற்று. செதிலுக்குச் செதில் ஆழம் கிடைத்தது. அச்சு சில பத்து வார்ப்புக்குள் கிழிந்துவிடும், கிழியட்டும். கராஜ் கிட் என்று பெயர் பெற்ற இதன் தலைநகரம் ஒசாகா. 1964-ல் சின்ன மாடல் கடையாகத் தொடங்கிய கையோடோவும், 1982-ல் தொடங்கிய ஜெனரல் புராடக்ட்ஸும் அந்த ஊர்தான். மென் வினைலில் கிட் போட்ட பில்லிக்கன் மட்டும் டோக்கியோ. யூஜி சாக்காய் போன்ற சிற்பிகளின் காட்ஸில்லாக்களைப் பார்த்தபின், பழைய மருசான் கிட் கேலிச் சித்திரம் போலத் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதனால்தான் பழையதன் மதிப்பும் ஏறியது.

உரிமைச் சிக்கல் ஒன்று இருந்தது. காட்ஸில்லா டோஹோவின் சொத்து, வீட்டுக் கொட்டகையில் வார்த்து விற்றால் திருட்டு. 1985-லிருந்து முறையாக நடக்கும் ‘ஒண்டர் ஃபெஸ்டிவல்’ சந்தை இதற்கு ஒரு வழி கண்டது. சந்தை நடக்கும் அந்த ஒரே நாளுக்கு மட்டும் செல்லும் உரிமம். காலையில் விற்கலாம், மறுநாள் விற்கக் கூடாது. 1992-ல் இந்தச் சந்தையை கையோடோ ஏற்றுக்கொண்டது. சட்டமும் ஆசையும் ஒரு நாளைக்குக் கைகுலுக்கிக்கொள்ளும் இப்படியொரு ஏற்பாட்டை நான் வேறு தொழிலில் கண்டதில்லை. நம் சட்டக்காரர்கள் படித்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் வேலி 2001-ல்தான் விலகியது. அந்த ஆண்டு ஏப்ரலில் கடைசி 715 பொருள்களின் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. பொம்மைகள் சிறுதொழில் ஒதுக்கீட்டிலிருந்தும் விடுபட்டன. சீனப் பொம்மை வெள்ளம் வந்தது. இப்போது சக்கரம் மறுபடி திரும்பியிருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. 2021 ஜனவரியிலிருந்து தர முத்திரையும் கட்டாயம். ஜப்பானிய கிட் ஒன்றை இன்று கோவையில் வாங்குபவர், அசுரனுக்குப் பாதியும் அரசாங்கத்துக்குப் பாதியுமாகக் கொடுக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

மருசான் விழுந்த சில மாதத்தில் ஜப்பானில் இன்னொரு கிட் கம்பெனியும் விழுந்தது. ‘தண்டர்பேர்ட்ஸ்’ கிட்களால் கொழித்த இமாய், 1969-ல். அதன் அச்சுகளையும் தொழிற்சாலையையும் வாங்கியது, அதுவரை கிட் தொழிலில் பெரிய பெயர் இல்லாத பாண்டாய். அந்த பாண்டாய் 1980 ஜூலையில் 300 யென் விலையில் விட்ட ஒரு ரோபோ பெட்டிக்குக் கடை வாசலில் வரிசை நின்றது. பசையே வேண்டாத கிட் வரைக்கும் அந்த வரிசை எப்படிப் போனது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)